தளவாய் முடிக்காத ஆட்டங்கள்

ரத்னா நகர் மூன்றாவது தெருவில் முதல் பனி விழுந்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். இரண்டாவது தெருவிலும் நான்காவது தெருவிலும் தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தெருவில் மட்டும் மின்கம்பிகளின் மேலும், தண்ணீர்த் தொட்டியின் மேலும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களின் மேலும், பேராச்சி மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வடகத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாக இறங்கியது. பாளையங்கோட்டையில் பனி பெய்யுமா என்று யாரும் கேட்கவில்லை. பெய்துகொண்டிருக்கும்போது அந்தக் கேள்விக்கு என்ன வேலை. பேராச்சி மட்டும் ஈர வடகத்தை முந்தியில் அள்ளிக்கொண்டு, இது யார் வீட்டு வேலை என்று வாசல் வாசலாகக் கேட்டு வந்தாள். வடகம் விற்றுப் பிழைக்கிறவள், கேட்கத்தான் செய்வாள்.

அது தளவாய் வீட்டு வேலை.

தளவாய் டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்கிய காலம் முழுக்க, தீபாவளித் தள்ளுபடி, பொங்கல் தள்ளுபடி, கடையை மூடுகிற தள்ளுபடி என்று எதையாவது சாக்கிட்டு வீடியோ கேம் டிஸ்க்குகளாக வாங்கி வாங்கி ஒரு பீரோவை நிறைத்திருந்தார். அந்த பீரோவில் முன்பு பட்டுச் சேலைகள் இருந்தன. அவை டிரங்குப் பெட்டிக்குப் போனதை அவர் மனைவி உலகம்மாள் மறக்கவில்லை. எதற்கு இத்தனை என்று கேட்டவர்களிடம், பிறகு ஆடுவேன் என்றார். அந்தப் பிறகு அவர் ஓய்வு பெற்ற மறுநாள் வந்தது. ஒன்றை எடுப்பார், தொடங்குவார், பாதி வழியில் இன்னொன்று கண்ணில் படும், இதை வைத்துவிட்டு அதை எடுப்பார். தொடங்காதது கொஞ்சம், முடித்தது ஒன்றுமில்லை, நடுவில் நிற்பதுதான் பீரோ முழுக்க.

அன்று ஒரு சிப்பாயைப் பனிமலையின் பாதியில் நிறுத்தி, விரல் வலிக்கிறது என்று அணைத்துவிட்டுப் படுத்தார். சிப்பாய் நின்ற இடத்துப் பனி தெருவுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். எந்த வழியாக வந்தது என்பதை வேலை இல்லாதவர்கள் ஆராயட்டும்.

பேராச்சி வந்து, "அண்ணாச்சி, அதை அணைங்க" என்றாள்.

"அணைச்சுத்தான் வச்சிருக்கேன்."

"அப்ப வேற எதையாவது போடுங்க."

தளவாய் பாலைவனத்தில் குதிரைத் திருடர்களைத் துரத்தும் ஒன்றைப் போட்டார். அவர் இரண்டு குதிரைகளைப் பறிகொடுப்பதற்குள் பனி உருகி, ஓடி, ஆவியாகி, தெருவில் அப்பளம் பொரிகிற மாதிரி வெயில் அடித்தது. வடகம் காய்ந்தது. பேராச்சி அதை அள்ளிக்கொண்டு விற்கப் போனாள்.

அதற்குப் பிறகு தெரு அதைத் தன் வழக்கங்களில் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. எந்த ஆட்டத்தை எந்த இடத்தில் தளவாய் நிறுத்துகிறாரோ, அந்த இடத்து வானம் அடுத்த ஆட்டம் போடும் வரை மூன்றாவது தெருவுக்கு மேலே நிற்கும், தெருமுனைச் சாக்கடைப் பாலத்தோடு கத்தரித்த மாதிரி முடிந்துவிடும். பாலத்தின் இந்தப் பக்கம் குடையும் அந்தப் பக்கம் வேர்வையுமாக ஆட்கள் நடந்தார்கள். ஆட்டோக்காரர்கள் பனி நாட்களில் உள்ளே வரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். வடகம் காயும் நாட்களில் பாலைவனம், மெத்தை துவைக்கும் நாளில் காற்றடிக்கும் மலைமுகடு, அம்மன் கோயில் கொடை விழா அன்று கடற்கரை மாலை, யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்த வீட்டுக்காரர் வந்து தயங்கி நின்று கேட்டுப் போகிற இளம்பனி என்று, சொல்லாமலே ஒரு முறை ஏற்பட்டது. மூன்றாவது தெருவில் வீடு காலியாவது நின்றுபோனது. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். மாநகராட்சியில் இருந்து ஒரு என்ஜினீயர் வந்து, பாலத்தின் மேல் நின்று ஒரு கையை மழையிலும் ஒரு கையை வெயிலிலும் நீட்டிப் பார்த்து, இரண்டு கையையும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் துறையில் அதற்கு ஏற்பாடு இல்லை.

தளவாய்க்கு இதில் பெருமையும் இல்லை, சங்கடமும் இல்லை. காலையில் இட்லி, பிறகு ஆட்டம், மத்தியானம் தூக்கம். அணைக்கும் முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்று கேட்பார். யாராவது பதில் சொல்வார்கள்.

வில்லங்கம் வந்தது ஒரு செம்மண் புயலில்.

ராஜாக்கள் சண்டை போடும் ஆட்டம் அது. வாரிசு ஒருவன் காடுகாடாய் ஒளிந்து திரிந்து படை சேர்த்து அரண்மனைக்குத் திரும்புகிற கதை. திரும்புகிற வழியெல்லாம் செம்மண் காற்று. தளவாய் அதில் மாட்டிக்கொண்டார், வேறு எதையும் தொடவில்லை. தெரு முழுக்கச் சிவந்தது. துவைத்த வேட்டி காவியானது. தெருச் சங்கத் தலைவர் நயினார் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதைச் சீக்கிரம் முடித்து வையும் என்று தளவாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நயினார் புரட்டாசியில் பெருமாள் கோயில் மண்டபத்தில் ராமாயணம் வாசிக்கிறவர். அந்த வாசிப்பில் ஒரு முறை உண்டு. சீதை அழுகிற இடத்தில் புத்தகத்தை மூடக் கூடாது, யாராவது சாகிற இடத்தில் மூடக் கூடாது, நல்ல இடம் வரும் வரை தொண்டை கட்டினாலும் வாசித்துப் போய் அங்கேதான் நிறுத்த வேண்டும்; பட்டாபிஷேகம் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு வரி கூடாது, மங்களம் பாடி, சுண்டல் கொடுத்து, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆட்டத்தில் வாரிசின் தலையில் கிரீடம் ஏறியதும் நயினார் எழுந்து நின்றார்.

"நிறுத்தும் வே. பட்டாபிஷேகம் ஆயிட்டு."

"இன்னும் பாதி இருக்கு அண்ணாச்சி."

"இதுக்கு மேல நல்லதா இருக்கும்னு நினைக்கேரா? மூடும்."

ஜன்னலில் தெருவே நின்றது. எல்லாருக்கும் தொண்டையில் மண். தளவாய் டிஸ்க்கை எடுத்தார். நயினார் மங்களம் பாடினார், பேராச்சி சுண்டல் கொடுத்தாள், டிஸ்க்குக்கு ஒரு பொட்டு வைத்து பீரோவில் மேல்தட்டில் வைத்தார்கள். சுண்டலில் மண் கடித்தது. புயல் நிற்கவில்லை. தளவாய் வேறு ஆட்டம் போட்டார். பனி விழுந்தது, ஆனால் சிவப்பாக விழுந்தது. கடல் வந்தது, செம்மண் வாடையோடு வந்தது. எதைப் போட்டாலும் அடியில், முடியும் முன்னே மங்களம் பாடி மூடிய அது இருந்தது. கடைசியில் தளவாய் நயினாரை வெளியே போகச் சொல்லிவிட்டு, மேல்தட்டில் இருந்து அதை எடுத்துத் தொடர்ந்து ஆடினார். கிரீடம் ஏறிய ராஜாவை அவன் மைத்துனனே கொன்றான், அரண்மனை எரிந்தது, ராணி மட்டும் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு நடந்தாள், திரையில் ஆட்டத்தைச் செய்தவர்களின் பேர் ஓடியது. தளவாய் கொட்டாவி விட்டார். வெளியே புழுதி படிந்தது, வானம் வெளுத்தது, அந்தச் செம்மண் பிறகு ஒருநாளும் வரவில்லை.

சரி, பட்டாபிஷேகம் கணக்கில்லை, பேர் ஓடினால்தான் முடிவு என்று தெரு புரிந்துகொண்டது. அதுவும் தப்பு. வேலிக்கு வேலி செம்மறியாடு ஓட்டிப் போகிற ஓர் ஆட்டம் இருந்தது. அதைப் போட்டால் தெருவில் குற்றாலச் சாரல் காற்று அடிக்கும். பிள்ளை பெற்றவர்கள் தொட்டிலை வாசலில் கட்டுவார்கள். தளவாய் ஒருநாள் அதைக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "சவம், இதுல ஒண்ணுமில்ல. போதும்" என்று கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டார். பேர் ஓடவில்லை, பாதிகூட ஆகவில்லை. காற்று அந்த நிமிஷமே நின்றது. மறுபடியும் போடச் சொன்னார்கள், போட்டார், ஆடுகள் ஓடின, தெருவில் ஓர் இலை அசையவில்லை.

தளவாய்க்கு உள்ளே எப்போது முடிகிறதோ அப்போதுதான் முடிவு. இது தெரிந்ததும் தெரு கொஞ்சம் கலங்கியது. திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பரவாயில்லை. ஒரு மனுஷனின் அலுப்பைப் போய் யார் காவல் காப்பது. அதனால் அவருக்கு அலுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காப்பி வந்தது. யாரும் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று மெதுவாகப் பேசினார்கள். உலகம்மாள் இதைப் பார்த்து, கல்யாணமான நாளாய் இந்த மனுஷனுக்கு அலுக்காமல் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி பட்ட பாட்டை இப்போது தெருவே படட்டும் என்றாள்.

அதற்கடுத்த இரண்டு வருஷம் ஊரில் மழை இல்லை. குழாயில் காற்று வந்தது. மூன்றாவது தெருவில் மட்டும் தொட்டிக்குப் பக்கத்துக் கிணறு நிறைந்து நின்றது, ஏனென்றால் தளவாயிடம் ஒரு மழை ஆட்டம் இருந்தது. ஓர் ஓடக்காரன், காணாமல் போன தன் அண்ணனைத் தேடி ஆற்றோடு போகிறான்; ஆறு நெடுக மழை. ஆரவாரமான மழை இல்லை. நின்று நிதானமாகப் பெய்கிற மழை. மற்ற ஆட்டங்களைத் தளவாய் திட்டிக்கொண்டே ஆடுவார். இதை ஆடும்போது வாய் திறக்கமாட்டார், விட்டால் கடைசிவரை போய்விடுவார். அதனால் தெரு ஓர் ஏற்பாடு செய்திருந்தது: இதைப் போடலாம், ஓடத்தைக் கொஞ்ச தூரம் தள்ளலாம், நிறுத்திவிட வேண்டும். கடைசிக்குப் போகக் கூடாது. இரண்டாவது தெருவும் நான்காவது தெருவும் குடத்தோடு பாலத்தில் வரிசையில் நின்றன. பேராச்சி கூழ் காய்ச்சுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

பிறகு தளவாயின் கண் போகத் தொடங்கியது. ஓரத்தில் இருந்து தொடங்கியது. முதலில் கதவு நிலையில் தோள் இடித்தது, பிறகு இலையில் ஓரத்தில் வைத்த கூட்டு தெரியவில்லை, பிறகு திரையே ஒரு வளையலுக்குள் பார்க்கிற மாதிரி ஆனது. கண் டாக்டர் சோதித்துவிட்டு, போனது திரும்பாது, மிச்சமும் ரொம்ப நாள் தங்காது என்றார். தளவாய் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அதன் முன்னால் நின்றார். அத்தனையையும் பிறகு ஆடலாம் என்று வாங்கியவர். அந்தப் பிறகு இப்போது ஒரு வளையல் அகலத்துக்கு வந்து நின்றது.

"எல்லாத்தையும் முடிக்கப் போறேன்" என்றார் உலகம்மாளிடம்.

"மழையையுமா?"

"அதைத்தான் முக்கியமா."

தெரு கூடிவிட்டது. நயினார் நயமாகப் பேசினார். மற்றதை எல்லாம் முடித்துக்கொள்ளும், ஓடக்காரனை மட்டும் விட்டுவிடும் என்றார். வேண்டுமானால் வேறு யாராவது, வேறு ஊரில், வேறு ஆட்டப் பெட்டியில் ஆடி முடித்து, அண்ணன் கிடைத்தானா இல்லையா என்று வந்து சொல்லட்டும் என்றார். பேராச்சி, எனக்குக் கஞ்சி ஊற்றுவது அந்தக் கிணறு அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். தளவாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பாக்கணும்" என்றார். யாரோ பின்னால் இருந்து பெட்டியைப் பிடுங்கி வைக்கலாமே என்று முணுமுணுத்தார்கள். உலகம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவரு கண்ணு. அவரு பாக்கட்டும். நானும் அந்தத் தண்ணியத்தான குடிக்கேன்?"

தளவாய் வேலையைத் தொடங்கினார். சிப்பாய் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். கடைசிப் பனி விழுந்த அன்று தெரு போட்டோ எடுத்துக்கொண்டது, சிலர் ஃபிரிட்ஜில் ஒரு டப்பா எடுத்து வைத்தார்கள், ஆட்டம் முடிந்த நேரத்தில் டப்பா காலியாக இருந்தது. குதிரைத் திருடர்கள் பிடிபட்டார்கள், பாலைவனம் போனது. கடற்கரை மாலையும் போனது. சிலதைத் தொடங்கவே இல்லை. அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இது எனக்கு வேண்டுமா என்று தன்னையே கேட்டு, வேண்டாம், போதும் என்று ஓரமாகப் போட்டார். ஒவ்வொரு போதுமுக்கும் தெருவுக்கு மேலே ஏதோ ஒன்று சரசரத்துக் கலைந்தது. ஒருநாளும் வந்திராத வானங்கள் அவை. என்ன நிறம், என்ன குளிர் என்று தெரியாமலே தெரு அவற்றை இழந்தது. தெரியாததால் யாரும் அழவில்லை.

பீரோவில் ஓடக்காரன் மட்டும் மிஞ்சினான்.

அதற்குக் குறித்த நாளில், காலை வேலையெல்லாம் முடிந்த பிறகு, தெரு தன் பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தது. அண்டா, குண்டான், டிரம், குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி, நயினார் வீட்டுக் கல்யாணக் கொப்பரை, மூடி தொலைந்த குக்கர், எல்லாம் வாய் திறந்து தெரு நெடுக நின்றன. தளவாய் ஆட்டத்தைப் போட்டதும் மழை பிடித்தது. ஜன்னலில் குடைகள் நெருக்கின.

வளையலுக்குள் தெரிந்தது ஓடத்தின் மூக்கு மட்டும். பாறை இடித்தது, ஓடம் கவிழ்ந்தது, மறுபடி முதலில் இருந்து. உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், முறத்தைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காதவள்.

"வலது பக்கம் பாறை."

தளவாய் திருப்பினார்.

"இன்னும் திருப்புங்க. ஆங். இப்ப நேரா."

அவர் துடுப்பும் அவள் கண்ணுமாக ஓடம் போனது. சுழல் வந்தது, சொன்னாள். மரம் விழுந்து கிடந்தது, சொன்னாள். ஜன்னலில் யாரோ, மதினிக்கு நல்லா வருதே என்றார்கள். ஆறு அகன்றது, மழை அடர்ந்தது, அகலமான ஒரு வளைவைத் தாண்டியபோது உலகம்மாள் ஒரு நொடி பேச்சை நிறுத்தினாள். பிறகு, "இடது கரையில ஒரு பொம்பள நின்னா. கையக் காட்டுனா. தாண்டிட்டோம்" என்றாள்.

தளவாய் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டுப் பார்த்தார். அந்த ஆற்றில் ஓடம் பின்னால் போகாது. தண்ணீர் அவரை முன்னால் கொண்டுபோனது. ஆற்று நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு குடிசை, குடிசையில் அண்ணன் இருந்தான். தம்பியை உட்காரவைத்து மீன் சுட்டுக் கொடுத்தான். கூட வர மாட்டேன் என்றான். ஓடக்காரன் தனியாக ஓடத்தைத் தள்ளினான். பேர் ஓடியது.

ஜன்னலில் இருந்த அத்தனை குடைகளும் ஒரே நேரத்தில் மடங்கின, வானத்தைப் பார்க்க.

மழை பெய்தது.

காத்திருந்தார்கள். அண்டா நிறைந்தது, டிரம் நிறைந்தது, கொப்பரை வழிந்தது. மழை அதே நிதானத்தில் பெய்தது. நயினார் நனைந்த தலையோடு உள்ளே வந்தார்.

"என்ன வே, அண்ணன் கிடைச்சிட்டான், பேரும் ஓடிட்டு. உமக்கு இன்னும் முடியலையா?"

தளவாய் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவளை விட்டுட்டு வந்துட்டேன்லா" என்றார்.

திரும்ப முதலில் இருந்து ஆடுவது என்று முடிவானது, மறுநாள். மறுநாள் தொடங்கி வளைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வளையல் மோதிரமானது. இரண்டாம் நாள் அவர் திரையின் முன் உட்கார்ந்து, போட்டாச்சா என்று கேட்டார்; போட்டிருந்தது. அத்தோடு ஆட்டம் நின்றது.

மூன்றாவது தெருவில் மழை நிற்கவில்லை. வடகம் காயப் பேராச்சி இரண்டாவது தெரு மாடி ஒன்றைப் பேசி எடுத்துக்கொண்டாள். சுவர்களில் பாசி ஏறியது, தெருவில் தவளை வந்தது, பிள்ளைகள் வெயில் காயப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்வந்தார்கள். யாருக்கும் குறை இல்லை. தண்ணீர் இருந்தது.

தளவாய் வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைக் கேட்டார். கண் போனவருக்குக் காது கூர்ந்துவிட்டது. கிணற்றடி அங்கே இருந்து பத்தடி. ஒருநாள் பேராச்சி அங்கே குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னது அவருக்குக் கேட்டது.

"மதினி, நானும் ஜன்னல்லதான் நின்னேன். அந்த இடத்துல நாணல்தான் இருந்துச்சு. பொம்பள ஒருத்தியையும் காங்கல."

வாளி தண்ணீரில் விழுகிற சத்தம். கயிறு இழுபடுகிற சத்தம்.

"உன் கொடம் நிறைஞ்சிட்டு பாரு. எடுத்துட்டுப் போ" என்றாள் உலகம்மாள்.

தளவாய் அசையவில்லை. போதும் என்று ஒரு வார்த்தை. அதை உள்ளே சொன்னால் கூடப் போதும், வெயில் வந்துவிடும். இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் சட்டென்று வாயில் வருகிற வார்த்தை. அவர் அதை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிணற்றடியில் பெண்கள் வந்தார்கள், போனார்கள். ஈரப் பாதங்களின் சத்தம் தெரு நெடுகப் போய்ப் பாலத்தில் முடிந்தது.

உலகம்மாள் குடத்தோடு படி ஏறினாள். பக்கத்தில் வரும் வரை காத்திருந்து கேட்டார்.

"ஏளா, அந்தப் பொம்பள எப்படி இருந்தா?"

அவள் நின்றாள். குடத்தில் தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"நல்ல உயரம்" என்றாள். "பச்சைச் சேலை. கையில ஒரு பை."

"நனைஞ்சிருப்பாளே."

"குடை வச்சிருந்தா."

"அப்ப நிக்கட்டும்" என்றார் தளவாய்.